ஊருக்குப் பக்கத்தில் சுரங்கம் வருகிறதா? தண்ணீர்க் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம்

கல்குவாரிகளுக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளைப் புரட்டினால் ஒரு வாதம் கிட்டத்தட்டத் தவறாமல் கண்ணில் படும். குவாரிக்கு ஒரு நாளைக்குச் சில ஆயிரம் லிட்டர் தண்ணீர்தான் தேவை, அதையும் லாரியில் வாங்கிக்கொள்வார்கள், ஆகவே நிலத்தடி நீருக்குப் பாதிப்பு இல்லை என்பது அதன் சாரம். இதில் பொய் எதுவும் இல்லை. தூசி அடங்கத் தெளிக்க, மரக்கன்றுகளுக்கு ஊற்ற, வேலையாட்கள் குடிக்க அவ்வளவுதான் ஆகும். ஆனால் பக்கத்துத் தோட்டத்தில் கிணறு வைத்திருப்பவருக்கு அந்தக் கணக்கால் ஒரு பயனும் இல்லை. குழி எவ்வளவு ஆழம் போகும், அந்த ஆழத்தில் ஊறி வரும் தண்ணீரை இறைத்து எங்கே விடுவார்கள், அதில் தன் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டும். அறிக்கையில் இதற்கான பதில் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்காது. நாலைந்து பக்கங்களில் சிதறிக் கிடக்கும் எண்களைப் பொறுக்கிச் சேர்த்தால்தான் தெரியும்.

அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நிலவியல் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு நீளமான டேப், ஒரு நோட்டு, கூட்டல் கழித்தல் தெரிந்த இரண்டு பேர், கொஞ்சம் பொறுமை, இவை போதும்.

முதலில் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப் பாறை. இங்கே தண்ணீர் ஒரே பெரிய ஏரியாக அடியில் தேங்கி நிற்பதில்லை. மேலே மட்கிச் சிதைந்த பாறை அடுக்கிலும், அதற்குக் கீழே கெட்டிப் பாறையின் வெடிப்புகளிலும் இருக்கிறது. மட்கிய அடுக்கு சில ஊர்களில் 10 மீட்டர், சில ஊர்களில் 30 மீட்டர். நம் திறந்த கிணறுகள் பெரும்பாலும் இந்த அடுக்கை நம்பி வெட்டியவை. போர் போடுவது கீழே உள்ள வெடிப்பைத் தேடித்தான். அதனால்தான் ஒரு தோட்டத்தில் தண்ணீர் பீறிட, வரப்பு தாண்டிப் போட்ட போரில் வெறும் புகை வருகிறது.

கடலூர் மாவட்டம் இதற்கு நேர்மாறு. நெய்வேலியில் நிலக்கரி கிடைத்ததே தண்ணீரால்தான். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தோண்டிய ஆர்ட்டீசியன் கிணற்றில் (அடி அழுத்தத்தால் தண்ணீர் தானே மேலே வரும் கிணறு) தண்ணீரோடு கறுப்புத் துகள்கள் பொங்கி வந்தன. பழுப்பு நிலக்கரி அடுக்குக்குக் கீழே மணற்பாறை அடுக்கில் தண்ணீர் அழுத்தத்தோடு அடைபட்டு நிற்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கிய அழுத்தம். ஒரு கிலோ என்பது 10 மீட்டர் நீர்த்தூணுக்குச் சமம் என்பதால், 60 முதல் 80 மீட்டர் உயரத் தண்ணீர் அடியிலிருந்து முட்டிக்கொண்டிருப்பதாகக் கணக்கு. குக்கரில் வெயிட்டை எடுக்காமல் மூடியைத் திறக்க முடியாது அல்லவா, அந்த மாதிரி இங்கே அழுத்தத்தைக் குறைக்காமல் நிலக்கரியைத் தொட முடியாது. தொட்டால் குழியின் தரையே பெயர்ந்து வரும். எனவே சுரங்கத்தைச் சுற்றிப் போர்கள் போட்டு இரவு பகலாக இறைக்கிறார்கள்.

இந்த வித்தியாசம் உங்கள் வேலையின் எல்லையை முடிவு செய்கிறது. மணற்பாறையில் அடுக்கு அறுபடாமல் நீள்வதால் இறைப்பின் விளைவு பல கிலோமீட்டர் பரவும். கடினப் பாறையில் பொதுவாகச் சில நூறு மீட்டரில் தணிந்துவிடும். ஆனால் பெரிய வெடிப்பு ஒன்று குழியையும் ஒரு கிணற்றையும் இணைத்தால் அந்தக் கிணறு மட்டும் ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் அடி வாங்கும், நடுவில் இருக்கும் கிணறுகளுக்கு ஒன்றும் ஆகாது. ஊரில் பழைய கிணறு வெட்டுக்காரர்களும் போர் வண்டிக்காரர்களும் எந்தத் திசையில் ஊற்று ஓடுகிறது என்று சொல்வார்கள். சில நேரம் தவறாகவும் சொல்வார்கள். இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

காகிதங்களைச் சேர்ப்பது

சுற்றுச்சூழல் அனுமதிக்கான விண்ணப்பம், சுரங்கத் திட்டம், தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கை ஆகியவற்றை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் தேடலாம். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிப்பு கொடுக்க வேண்டும். அந்த நாட்களில் வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகம், உள்ளாட்சி அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம் போன்ற இடங்களில் பார்வைக்கு இருக்கும். தமிழ்ச் சுருக்கம் தருவார்கள். அதை மட்டும் படித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போகாதீர்கள். நமக்கு வேண்டிய அட்டவணைகள் முழு அறிக்கையில்தான் இருக்கும்.

நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கிறதே என்று மலைக்கவும் வேண்டாம். எடுத்துக்கொள்ள வேண்டியவை ஐந்து: குழியின் குறுக்குவெட்டுப் படம், சமஉயரக் கோடுகள் போட்ட நில வரைபடம், கிணறுகளின் நீர்மட்ட அட்டவணை, பம்ப் ஓட்டிச் செய்த பரிசோதனையின் முடிவு, நீர்ச் சமநிலைக் கணக்கு (தண்ணீரின் வரவு செலவு). இவற்றில் ஏதாவது இல்லை என்றால், அந்த இல்லாமையே உங்கள் முதல் கேள்வி.

இடையில் ஒரு விஷயம். அறிக்கை உங்கள் ஊரைப் பற்றியதுதானா என்று பார்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள். மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கான அறிக்கையில் ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து பகுதிகள் அப்படியே எடுத்து ஒட்டப்பட்டிருந்தன. கொங்கணக் கடற்கரையில் பிர்ச் மரக் காடு இருப்பதாக அதில் எழுதியிருந்தது. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், வேறு மாவட்டத்தின் மழைப் புள்ளிவிவரமோ, ஊரில் இல்லாத ஆற்றின் பெயரோ எட்டிப் பார்க்கலாம்.

5 ஹெக்டேருக்குக் குறைவான சிறு குவாரி தனியாக வந்தால் முழு ஆய்வும் கருத்துக்கேட்பும் இல்லாமலே அனுமதி பெற வழி இருக்கிறது. ஆனால் 500 மீட்டருக்குள் இருக்கும் குவாரிகளைச் சேர்த்து ஒரு தொகுப்பாகப் பார்க்க வேண்டும். மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் ஆய்வும் கூட்டமும் தேவைப்படும். பக்கத்தில் எத்தனை குவாரிகள் ஓடுகின்றன, எத்தனைக்கு விண்ணப்பம் கிடக்கிறது என்று கனிமவளத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். சொல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். நிலத்தடி நீருக்குக் குத்தகை எல்லை தெரியாது. நாலு சிறு குழிகளும் சேர்ந்துதான் இறைக்கும்.

இன்னொன்று: அணுக் கனிமங்களுக்கும், 'முக்கியக் கனிமங்கள்' என்று மத்திய அரசு பட்டியலிட்டவற்றுக்குமான சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சகம் விலக்கு அளித்தது. அத்தகைய திட்டம் என்றால் கூட்டம் வரட்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. உங்கள் கணக்கை எழுத்தில் முன்கூட்டியே அனுப்ப வேண்டியிருக்கும்.

வரைபடத்தில் தண்ணீரைக் குறிப்பது

கிராம வரைபடம், சர்வே எண் வாரியாக நில விவரம் உள்ள அ-பதிவேடு, ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லை அளவுகள் உள்ள புலப்படம் மூன்றையும் எடுங்கள். இவை இணையத்திலும் கிடைக்கும், கிராம நிர்வாக அலுவலரிடமும் பார்க்கலாம். குத்தகை கேட்கும் சர்வே எண்களைச் சிவப்பில் அடையுங்கள். அதற்கு மேலேயிருந்து வரும் ஓடை, கீழே போகும் வரத்துக் கால்வாய், கண்மாய், ஊருணி, மறுகால் எல்லாவற்றையும் நீலத்தில் போடுங்கள். அ-பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு என்று இருக்கும், தரையில் போய்ப் பார்த்தால் புஞ்சையாக இருக்கும். அதையும் போடுங்கள். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வாய்க்கால் அறிக்கையின் வரைபடத்தில் பெரும்பாலும் விடுபட்டிருக்கும். கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் அது தெரியாது, ஊர்க்காரருக்குத் தெரியும்.

இப்படி எண்ணி வைத்த பட்டியலுக்கு இருக்கும் பலத்தை மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டியில் பார்த்தோம். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193.215 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தபோது, அங்கே 72 ஏரிகள், 200 இயற்கை ஊற்றுகள், 3 தடுப்பணைகள் இருப்பதாக அரசே எண்ணிச் சொன்னது. 2024 நவம்பரில் 2,015.51 ஹெக்டேர் டங்ஸ்டன் தொகுதி ஏலம் போனபோது அந்தத் தலமும் அதற்குள் அடங்கியிருந்தது. போராட்டம் எழுந்தது, டிசம்பர் 9-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரி 23-இல் ஏலம் ரத்தானது. தண்ணீர் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் எதை இழக்கப்போகிறோம் என்று பேசியவர்கள் கையில் எண்ணிக்கை இருந்தது.

கிணற்றை அளப்பது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். குழி தோண்டும் முன் உங்கள் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லாவிட்டால், பின்னால் கிணறு வற்றும்போது "மழை இல்லை, அதனால் வற்றியது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பல நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். எது உண்மை என்று பிரித்தறிய முந்தைய அளவு வேண்டும்.

உத்தேசக் குழியைச் சுற்றி எல்லாத் திசையிலும் கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். கடினப் பாறை என்றால் ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவற்றை நெருக்கமாகவும், அதற்கு அப்பால் கொஞ்சம் தளர்வாகவும் எடுக்கலாம். நிச்சயம் பாதிக்காது என்று நினைக்கும் தூரத்தில், வேறு ஓடைக்கு வடியும் பக்கத்தில், இரண்டு மூன்று கிணறுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னாளில் மழை குறைந்ததால் எல்லாக் கிணறும் இறங்கியதா, குழிக்குப் பக்கத்தில் மட்டும் இறங்கியதா என்று காட்டப்போவது இவைதான். இந்த ஒப்பீட்டுக் கிணறுகளைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

ஒவ்வொரு கிணற்றிலும் சுவரின் மேல்விளிம்பில் ஓர் இடத்தில் பெயின்ட் புள்ளி வையுங்கள். எப்போதும் அங்கிருந்துதான் டேப்பை விட வேண்டும். நுனியில் சின்ன எடை கட்டுங்கள். டேப்பின் கடைசி அரை மீட்டருக்குச் சாக்பீஸ் தேய்த்து இறக்கினால் நனைந்த கோடு துல்லியமாகத் தெரியும். புள்ளியிலிருந்து தண்ணீருக்கு 14.6 மீட்டர், தரையிலிருந்து சுவரின் உயரம் 0.9 மீட்டர் என்றால், தரைக்குக் கீழே நீர்மட்டம் 13.7 மீட்டர். மூன்று எண்களையும் எழுதுங்கள். கழித்த விடையை மட்டும் எழுதினால் ஒரு வருடம் கழித்து எதைக் கழித்தோம் என்று யாருக்கும் நினைவிருக்காது.

மோட்டார் ஓடி நின்ற சூட்டில் அளந்த அளவுக்கு மதிப்பில்லை. குறைந்தது ஓர் இரவாவது அந்தக் கிணறும் ஒட்டிய கிணறுகளும் ஓய்வில் இருந்திருக்க வேண்டும். ராத்திரி மோட்டார் போட்டவர் "இல்லை, போடவே இல்லை" என்பார். கிணற்றுச் சுவரில் ஈரக்கோடு எவ்வளவு உயரம் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

போர்வெல்லில் அளப்பது சிரமம். மூடியில் விரல் நுழையும் ஓட்டை இருந்தால் டேப் இறங்கும், ஆனால் ஒயரிலும் குழாயிலும் சிக்கும் அபாயம் உண்டு. மோட்டார் கீழே இருக்கும் போரை விட்டுவிட்டு, கைவிட்ட போர் ஏதாவது கிடைத்தால் அதைக் கண்காணிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் போருக்கு, எத்தனை அடியில் மோட்டார் நிற்கிறது, எத்தனை மணி நேரம் தொடர்ந்து தண்ணீர் வருகிறது, ஒரு டிரம் நிறைய எத்தனை நொடி ஆகிறது என்பவற்றைக் குறித்தாலே போதும்.

எப்போது அளப்பது? மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று ஆண்டுக்கு நாலு முறை அளக்கிறது. நீங்களும் அதே மாதங்களில் அளந்தால் அவர்களுடைய எண்களோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வசதி. அவசரம் என்றால் மே மாதத்தையும் ஜனவரியையும் மட்டுமாவது விடாதீர்கள். ஒன்று கோடையின் அடிமட்டம், மற்றது வடகிழக்குப் பருவமழை முடிந்த உச்சம். சுரங்க நிறுவனத்தின் அறிக்கை பெரும்பாலும் மழை அல்லாத ஒரே ஒரு பருவத்தின் மூன்று மாதத் தரவோடு நின்றுவிடும். இரண்டு பருவமும் உங்களிடம் இருந்தால் அறிக்கையைவிட நீங்கள் ஒரு படி மேலே.

மட்டத்தோடு சுரப்பையும் அளந்துவிடுங்கள். 6 மீட்டருக்கு 6 மீட்டர் சதுரக் கிணறு என்றால் பரப்பு 36 சதுர மீட்டர். இறைத்து நிறுத்திய பிறகு 8 மணி நேரத்தில் தண்ணீர் 2 மீட்டர் ஏறினால், 72 கன மீட்டர், அதாவது 72,000 லிட்டர் ஊறியிருக்கிறது. மணிக்கு 9,000 லிட்டர். நீர்மட்டம் பார்வைக்கு மாறாமல் இருக்கும்போதே சுரப்பு குறையத் தொடங்கலாம் என்பதால் இது முக்கியம்.

அளவுகளை டேப் தெரியும் போட்டோவோடு நோட்டில் ஏற்றி, கிணற்றுக்காரரிடமும் இன்னொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்றும் கிராம சபை கூடுகிறது. அதிலோ அடுத்து வரும் கூட்டத்திலோ அட்டவணையை வைத்துத் தீர்மானத்தோடு இணைத்துவிட்டால், பின்னால் யாரும் "நீங்களாக எழுதியது" என்று தள்ளிவிடுவது கடினம்.

மூன்று மட்டங்களை ஒரே அளவுகோலில் நிறுத்துங்கள்

இனி கணக்கு. அறிக்கையில் குழியின் ஆழத்தை ஓரிடத்தில் தரைக்குக் கீழே என்றும், குன்றில் இருக்கும் பகுதியை தரைக்கு மேலே என்றும், நீர்மட்டத்தை வேறொரு கிணற்றின் தரையிலிருந்தும் சொல்லியிருப்பார்கள். மூன்றும் மூன்று தரை. ஒப்பிட வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று மாற்ற வேண்டும். தரையின் உயரம் அறிக்கையின் சமஉயரக் கோட்டு வரைபடத்திலேயே இருக்கும். கைபேசி காட்டும் உயரத்தை நம்ப வேண்டாம், பல மீட்டர் பிசகும்.

ஒரு எடுத்துக்காட்டு. குவாரி இடத்தின் தரை 142 மீட்டர், குழி 45 மீட்டர் ஆழம். குழியின் அடி 97 மீட்டர். பக்கத்துத் தோட்டத்தின் தரை 136 மீட்டர், கோடையில் நீர்மட்டம் 18 மீட்டர் கீழே, ஆக நீர்மட்டம் 118. கிணற்றின் மொத்த ஆழம் 24 மீட்டர், ஆக கிணற்றின் அடி 112. இப்போது வரிசையாக வையுங்கள்: நீர்மட்டம் 118, கிணற்றடி 112, குழியடி 97. குழி கோடை நீர்மட்டத்துக்கு 21 மீட்டர் கீழே போகிறது, கிணற்றின் அடியைவிட 15 மீட்டர் கீழே. இந்த நிலையில் "நிலத்தடி நீரைத் தொடமாட்டோம்" என்று அறிக்கை சொன்னால், எப்படி என்று விளக்க வேண்டியது அவர்கள்தான்.

அதே 45 மீட்டர், 50 மீட்டர் உயரமுள்ள குன்றை வெட்டி எடுப்பதாக இருந்தால் குழியின் அடி வயல் மட்டத்துக்கு மேலேயே நிற்கும். கிணற்றுக்கு ஆபத்து வெகுவாகக் குறைவு. அந்தக் குன்றின் இடுக்கில் கசிந்து ஊருணிக்கு வரும் ஊற்று போய்விடும், அது வேறு கதை. ஆழத்தை மட்டும் கேட்டுப் பதறுவதிலோ நிம்மதி அடைவதிலோ பயனில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

குறுக்குவெட்டுப் படத்தில் முதல் ஐந்தாண்டுக்கான குழியை மட்டும் வரைந்திருக்கலாம். குத்தகை முடியும்போது இறுதி ஆழம் எவ்வளவு என்பதைச் சுரங்கத் திட்டத்தில் தேடிப் பிடியுங்கள்.

எவ்வளவு தூரம் இழுக்கும்?

தண்ணீரை இறைக்கும்போது குழியைச் சுற்றி நீர்மட்டம் சரிந்து இறங்கும். அது எவ்வளவு தூரம் தெரியும் என்பதற்குப் பல அறிக்கைகள் ஒரு பழைய சூத்திரத்தை எடுத்துப் போடுகின்றன: 3000-ஐ, நீர்மட்டம் இறங்கும் ஆழத்தால் பெருக்கி, அதைப் பாறையின் ஊடுருவுதிறனின் (தண்ணீர் பாறைக்குள் எவ்வளவு எளிதாகப் புகுந்து செல்கிறது என்ற அளவின்) வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். ஆழம் மீட்டரில், ஊடுருவுதிறன் நொடிக்கு மீட்டரில்.

நீர்மட்டம் 30 மீட்டர் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். ஊடுருவுதிறன் 0.000001 என்று எடுத்தால் தூரம் 90 மீட்டர். 0.00001 என்று எடுத்தால் ஏறக்குறைய 285 மீட்டர். 0.0001 என்றால் 900 மீட்டர். கெட்டிப் பாறைக்கும் நல்ல வெடிப்புள்ள பாறைக்கும் இந்த எண் நூறு மடங்கு வேறுபடுவது சாதாரணம். ஆக, பாதிப்பு குத்தகை எல்லைக்குள்ளேயே அடங்கிவிடும் என்ற முடிவு, எழுதியவர் எந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தார் என்பதில் போய் நிற்கிறது. அதனால் கேள்வி இதுதான்: அந்த எண் எங்கிருந்து வந்தது? எந்தக் கிணற்றில், எந்த மாதத்தில், எத்தனை மணி நேரம் பம்ப் ஓட்டிப் பார்த்தீர்கள்? பக்கத்தில் கண்காணிப்புக் கிணறு இருந்ததா? புத்தகத்திலிருந்து எடுத்தது என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லட்டும். பாறை எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருப்பதாக எடுத்துக்கொண்டு போடும் கணக்கு இது என்பதையும் மறக்க வேண்டாம். வெடிப்பு வழியாக இழுப்பதை இது சொல்லாது.

நிலத்தடி நீர் மதிப்பீட்டில் உங்கள் பகுதி எந்த வகையில் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் நிலத்தடி நீரைப் பகுதி வாரியாக மதிப்பிடுகிறார்கள். ஆண்டுக்கு எடுக்கத்தக்க நீரில் 70 சதவீதம் வரை எடுத்தால் பாதுகாப்பானது, 90 வரை பகுதி அபாயம், 100 வரை அபாயம், அதற்கு மேல் அதிநுகர்வு. இது சராசரி. பாதுகாப்பான பகுதியிலும் ஒரு குழிக்குப் பக்கத்தில் இருக்கும் கிணறு வற்றலாம், அதனால் "இது பாதுகாப்பான பகுதி" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள்.

குழியில் விழும் மழையும் ஓடையும்

5 ஹெக்டேர் குழியில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை பெய்தால் 45,000 கன மீட்டர், நாலரைக் கோடி லிட்டர். கேட்க மலைப்பாக இருக்கும். நம் பக்கத்து மிகைப்படுத்தலையும் இங்கே சொல்லிவிட வேண்டும்: அந்த நாலரைக் கோடியும் கண்மாய்க்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் அல்ல. பெரும்பகுதி ஈரமாக மண்ணில் தங்கி ஆவியாகியிருக்கும். கடினப் பாறைப் பகுதியில் நிலத்துக்குள் இறங்குவது பத்தில் ஒரு பங்கைச் சுற்றித்தான். மேடையில் முழு எண்ணைச் சொன்னால் எதிரே இருக்கும் நிலவியலாளர் ஒரே கேள்வியில் உங்கள் மொத்த மனுவையும் லேசாக்கிவிடுவார்.

ஓடைப் பிரச்சினை அளவைவிட வழியைப் பற்றியது. ஓடையைத் திருப்பினால் எந்தக் கண்மாய்க்கு வரத்து குறைகிறது, அதன் ஆயக்கட்டு எவ்வளவு என்று எழுதுங்கள். கழிவு மண்ணைக் கொட்டும் இடம் ஓடைக்கு மேலே இருந்தால் முதல் பெருமழையில் வரத்துக் கால்வாய் தூர்ந்துவிடும். ஏரி, கால்வாய் போன்றவற்றிலிருந்து 50 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பதைப் புலப்படத்தில் அளந்து பாருங்கள்.

இறைத்த தண்ணீர் எங்கே போகிறது என்பதும் இதில் சேரும். நெய்வேலியில் இறைக்கும் தண்ணீர் அனல்மின் நிலையங்களுக்குப் பயன்படுகிறது, வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி வழியாகப் பாசனத்துக்கும் போகிறது. "தண்ணீர் வீணாகவில்லை" என்ற பதிலில் நியாயம் உண்டு. ஆனால் தண்ணீர் பெறும் ஊர்களையும் நீர்மட்டம் இறங்கும் ஊர்களையும் இரண்டு பட்டியலாகப் போட்டால் இரண்டும் ஒன்றாக இருக்காது.

தண்ணீரின் தரம்

அமிலத்தன்மை, மொத்தக் கரைந்த உப்பு, கடினத்தன்மை, சல்பேட், நைட்ரேட், ஃபுளோரைடு, இரும்பு: இவற்றை முதலிலேயே பரிசோதித்து வைத்துக்கொள்ளுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம். ஊராட்சியில் இருக்கும் களப் பரிசோதனைப் பெட்டி முதல் பார்வைக்கு உதவும், வாதாட உதவாது. இந்தியக் குடிநீர்த் தரக் குறியீடான ஐ.எஸ். 10500-இன்படி கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை. நைட்ரேட் 45-க்கு மேல் கூடாது. ஃபுளோரைடு 1, அதிகபட்சம் 1.5.

குவாரியில் நைட்ரேட்டைத் தனியாகப் பார்க்கக் காரணம் வெடிமருந்து. அதில் அம்மோனியம் நைட்ரேட் இருக்கிறது. ஆனால் யூரியாவாலும் சாக்கடையாலும் நைட்ரேட் ஏறும் என்பதால், முந்தைய அளவு இல்லாமல் யாரையும் குறைசொல்ல முடியாது. நிலக்கரி, உலோகத் தாதுச் சுரங்கம் என்றால் பாறையில் கந்தகம் கலந்த தாது இருக்கிறதா என்று கேளுங்கள். அது காற்றும் தண்ணீரும் பட்டால் அமிலமாகி, உலோகங்களைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும். அப்படியானால் ஆர்செனிக், ஈயம், மாங்கனீசு ஆகியவற்றையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

மூடிய பிறகு

குழியை மூடாமல் மழைநீர்த் தேக்கமாக விடுவோம் என்று பல திட்டங்கள் சொல்கின்றன. இது முழுப் பொய்யும் இல்லை. 2017-லும் 2019-லும் சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது மாங்காடு அருகே சிக்கராயபுரத்தின் கைவிட்ட கல்குவாரித் தண்ணீரைச் சுத்திகரித்துக் கொடுத்தார்கள். ஆனால் குழிக்கும் ஆவியாதலுக்கும் ஒரு கணக்கு உண்டு. நம் வெயிலில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் ஆவியாகும். ஒரு ஹெக்டேர் பரப்புக்கு 15,000 கன மீட்டர். மேலே விழும் மழை 9,000. மிச்சம் 6,000 கன மீட்டர் பக்கத்திலிருந்து வழிந்தோ, சுற்றிலும் இருக்கும் நிலத்தடியிலிருந்து கசிந்தோதான் வரவேண்டும். சுரங்கம் நின்ற பிறகும் ஆண்டுதோறும் போகும் செலவு இது. மூடல் திட்டத்தில் இந்தக் கணக்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.

கூட்டத்திலும் அதற்குப் பிறகும்

பேசுவதைவிட எழுத்து முக்கியம். கேள்விகளுக்கு எண் போட்டு, பக்க எண் குறித்து, உங்கள் கிணற்று அட்டவணையை இணைத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கூட்டம் முடியும்போது நடவடிக்கைக் குறிப்பை அங்கேயே உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. உங்கள் கேள்வி அதில் வந்ததா என்று கவனியுங்கள், வராவிட்டால் எழுந்து சொல்லுங்கள். "குவாரி வேண்டாம்" என்று நூறு பேர் சொன்னது ஒரே வரியாகப் பதிவாகும். "பக்கம் 87-இல் குழியடி 97 மீட்டர், என் கிணற்றடி 112 மீட்டர், இடையில் 15 மீட்டருக்கு என்ன பதில்?" என்று ஒருவர் கேட்டால் அதற்குத் தனியாகப் பதில் எழுதியாக வேண்டும். எதிர்ப்பவர்கள் மட்டுமல்ல, வேலை கிடைக்கும் என்று ஆதரிப்பவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

அனுமதி கொடுக்கப்படுமானால் என்னென்ன நிபந்தனைகள் வேண்டும் என்பதையும் அதே மனுவில் எழுதுங்கள்: குழிக்கும் கிணறுகளுக்கும் இடையில் கண்காணிப்புப் போர்கள், இறைக்கும் குழாயில் மீட்டர், நீர்மட்டம் இன்ன அளவுக்கு மேல் இறங்கினால் வேலையை நிறுத்துவது, வற்றும் கிணற்றுக்கு மாற்றுத் தண்ணீர் யார் செலவில் என்பது. "தேவையான நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற நிபந்தனையை யாரும் மீறவே முடியாது, அதில் அளவே இல்லை. மீட்டரில், லிட்டரில், தேதியில் கேளுங்கள்.

அனுமதி ஆணை வந்தால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை ஏற்கலாம். தமிழ்நாட்டுக்கான தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. சுரங்கம் ஓடத் தொடங்கினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில், நிபந்தனைகளைக் கடைப்பிடித்த அறிக்கையை நிறுவனம் தாக்கல் செய்ய வேண்டும். அதில் உங்கள் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டம் என்று ஒரு அட்டவணை இருக்கும். நீங்கள் அதே மாதத்தில் அதே கிணற்றில், அதே பெயின்ட் புள்ளியிலிருந்து அளந்த எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால், இரு தரப்பும் சேர்ந்து மறுபடி அளக்கச் சொல்லி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஆட்சியருக்கும் மனுப் போடுங்கள்.